இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் நடித்தாரா?

மாரி பிறந்தவுடன் எங்கள் மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் பழைய படமும் திரும்பி வந்துவிட்டது. சிஎன்என் செய்தியாளர் அண்டர்சன் கூப்பர் இடுப்பளவு வெள்ளத்தில் நிற்கிறார்; பக்கத்திலேயே ஒளிப்பதிவாளருக்கு முழங்கால்கூட நனையவில்லை. "2018 ஃப்ளோரன்ஸ் புயல். ஆள் முட்டுக்காலில நிண்டு நடிக்கிறார். ரீவிக்காரர் எல்லாரும் இப்பிடித்தான்" என்று கீழே ஒரு வரி.

முதலாவது, அது ஃப்ளோரன்ஸே இல்லை. 2008 செப்டெம்பரில் ஐக் புயல் டெக்சாஸைத் தாக்கியபோது எடுத்த படம். 2018இல் அதைப் பகிர்ந்தவர்களில் டொனால்ட் ட்ரம்பின் மூத்த மகனும் ஒருவர். முழந்தாளிட்டதும் பொய். மீட்பு வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் நின்றதாகக் கூப்பரே பின்னர் தன் நிகழ்ச்சியில் விளக்கினார். ஒளிப்பதிவாளர் நின்றது மேடான வீதியில். (புயலில் ஆடிக்காட்டும் செய்தியாளர் ஒருவருமே இல்லை என்று நான் சாட்சி சொல்லவரவில்லை. இந்தப் படத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.)

நம்மூர் ஆக்களுக்கு இது விளங்காமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம். வெள்ளத்தில் கிட்டங்கி வீதியில் நடந்திருக்கிறீர்களா? நடுவில் கெண்டைக்கால் மட்டும் தண்ணீர். ஓரத்தில் ஓரடி பிசகினால் நெஞ்சு மட்டும் தாழும். தண்ணீரின் மேற்பரப்பு இரண்டு இடத்திலும் ஒரே மட்டம்தான். காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் 2024 நவம்பர் 26 அன்று மத்ரசா மாணவர்கள் போன உழவு இயந்திரத்தை இழுத்துப் போனதும் வீதிக்கு மேலால் பாய்ந்த வெள்ளம்தான்.