ஒரு நாள் போய் வந்தால் போதாது
முதியோர் இல்லத்துக்கு ஒரு நாள் போய் வந்தாலே மாணவர்களுக்கு முதுமை புரிந்துவிடும் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர்கள் சேவை செய்யும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) அதற்கென இரண்டு ஆண்டுகளுக்கு 240 மணி நேரம் இருக்கிறது. ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக அதைச் செலவிடலாமே. காரைக்குடியில் படித்தபோது கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆச்சி வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் போவேன். பிள்ளைகள் வெளிநாட்டில், அவ்வளவு பெரிய வீட்டில் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறையில்தான் அவருக்குப் புழக்கம். முதல் மாதம் நலம் விசாரித்ததற்கு மேல் பேச்சு நகரவில்லை. பிறகுதான் கவனித்தேன்: முகப்புக்கு வருவதற்குள் ஒவ்வொரு நிலைப்படியிலும் நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் எடுத்து வைப்பார். ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் ஈரம் பட்டால் எனக்கே வழுக்கும். ஒரு நாள் ரேஷன் கடை இயந்திரம் மூன்று முறை அவருடைய கைரேகையை ஏற்கவில்லை. கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னிப் பின்னித் தேய்ந்த விரல்கள். சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார். மாணவர்கள் போனால் முதியவர்களுக்குப் பொழுதாவது போகும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். பொழுதுபோக்கத்தான் அவர்களுக்கு ஆள் வேண்டும் என்று நினைப்பதே தவறு. ஆச்சி எனக்குக் கொட்டான் பின்னக் கற்றுக்கொடுத்தார். நான் அவருக்குச் செய்தது, மாத்திரை அட்டைகளில் காலை, இரவு என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தது மட்டுமே.