தலைக்கு வந்தது ஹெல்மெட்டோடு போனது

ட்ராக்கில் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். விபத்துக்குப் பிறகு "மறுபடி எப்போ ஓட்டப்போற?" என்று ஏழு மாதமாக ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இதுதான் பதில். "பயந்துட்டான்" என்று முடித்துக்கொள்கிறவர்கள் இந்த வரியோடு போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்று. நாங்கள் ஓட்டியது பந்தயம் இல்லை. 'ட்ராக் டே' என்பார்கள். காசு கட்டி, சொந்தக் காரைக் கொண்டுபோய், மூடிய ட்ராக்கில் இருபது நிமிடம், இருபது நிமிடமாக ஓட்டுவது. பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. நேர்பாதையில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கையாலோ இண்டிகேட்டராலோ "போ" என்று காட்டினால்தான். பின்னால் ஒருவர் வேகமாக வந்தால் ஒரு சைகை, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தல், அவ்வளவுதான் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அன்று கடைசி செஷன். காலையிலிருந்து முப்பது தடவையாவது போய்வந்த அதே நீண்ட வளைவு. பாதி வளைவில் பின்பக்கம் விலகியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், தாமதம். அடுத்து காதுக்கு வந்தது காருக்கடியில் ஜல்லி தெறிக்கும் சத்தம், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல. அப்புறம் டயர் சுவர், டயர்களை அடுக்கிய தடுப்பு. அதற்குப் பிறகு அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில் வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று ஆடிக்கொண்டிருந்தது. எப்போதோ என் கை பட்டு ஓட ஆரம்பித்திருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்கு நினைவே வரவில்லை. எட்டு வருடமாக ஓட்டிய என் கார். ட்ராக் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் மார்ஷல் ஓடிவந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி "சரியா?" என்று கேட்டபோது, வைப்பரைத்தான் கைகாட்டினேன்.

எலும்பு முறிவு இல்லை. தோள்பட்டையிலும் இடுப்பிலும் ஹார்னஸ் (பந்தயக் கார் சீட் பெல்ட்) பட்டை அளவுக்கு நீலம் பாய்ந்திருந்தது. ஹெல்மெட்டின் பக்கவாட்டில், ரோல் கேஜ் என்ற பாதுகாப்புக் கூட்டின் கம்பியில் மோதிய இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது. வெளியே அவ்வளவுதான் தெரியும். உள்ளே தெர்மோகோல் மாதிரி ஒரு அடுக்கு இருக்கிறதே, அது நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. நசுங்கியது திரும்ப எழும்பாது. அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப்போட வேண்டும் என்பது அதனால்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பது வெறும் பழமொழி என்று நினைத்திருந்தேன். கார் கதையை இரண்டு வாக்கியத்தில் முடிக்கிறேன்: காரின் அடிச்சட்டமான சேஸிஸ் வளைந்துவிட்டது, சரிசெய்து லாபமில்லை. சாதாரண இன்சூரன்ஸ் ட்ராக்கில் நடந்ததற்குப் பொதுவாகப் பணம் தராது என்பது போகும்போதே தெரிந்ததுதான், புலம்ப உரிமையில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் "ட்ராக்கில் ஆயில் கிடந்தது" என்றேன். முதல் நாள் அதை உண்மையாகவே நம்பினேன். மூன்றாம் நாள் பாதி நம்பினேன். இரண்டாம் வாரம் பழக்கத்தில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மனைவி மட்டும், துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஆயில் கிடந்தா, பின்னாடி வந்தவங்க யாரும் வழுக்கலையா?"

அன்றிரவுதான் காருக்குள் இருந்த கேமராவின் வீடியோவைப் பார்த்தேன். அதுவரை திறக்கவே இல்லை. கேமரா என் இருக்கைக்குப் பின்னால் இருப்பதால் என் ஹெல்மெட்டும் ஸ்டீயரிங்கும் தெரியும், ஓரத்தில் வேகம் ஓடும். நேர்பாதையில் ஹெல்மெட் ஒருமுறை நிமிர்கிறது, பின்கண்ணாடியைப் பார்க்க. அது தவறில்லை, பார்க்கவே வேண்டும். பிரேக் போடவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் இரண்டாம் முறை நிமிர்கிறது. வளைவுக்குள்ளேயே மூன்றாம் முறை. பின்னால் ஒரு சிவப்புக் கார் மூன்று சுற்றாக ஒட்டிக்கொண்டு வந்தது. என்னுடையதைவிடச் சக்தி குறைந்த கார். அதற்கு வழிவிட எனக்கு மனசு வரவில்லை. காரணம் இவ்வளவுதான்.

அப்போது வேகம் மணிக்கு 128 கிலோமீட்டர், அதாவது ஒரு நொடிக்கு 35 மீட்டருக்கு மேல். கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துத் திரும்புவதற்குள் பிரேக் போட வேண்டிய இடம் பின்னால் போய்விட்டது. வளைவுக்குள் வேகம் அதிகம் என்று உறைத்ததும் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து வெடுக்கென்று எடுத்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைச் செய்யக்கூடாது என்று நானே சொல்வேன். வளைவில் காலை எடுத்தால் எடை முன்சக்கரங்களுக்குப் போகும், பின்சக்கரங்கள் லேசாகும், பிடி விட்டுப்போகும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்கியே நான் கொஞ்சம் பெயர் வாங்கியிருந்தேன்! ஜல்லியைத் தாண்டி டயர் சுவரைத் தொடும்போது வேகம் 61. வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்வாசியாகும். ஆக முக்கால் பங்குக்கு மேல் அந்த ஜல்லிப் படுகையும் என் டயர்களும் விழுங்கியிருக்கின்றன. மிச்சத்துக்குத்தான் இத்தனை நீலம்.

விபத்துக்குப் பிறகு வந்த அறிவுரைகள் இரண்டே வகை. "உடனே போய் ஓட்டிடு, இல்லேன்னா பயம் உள்ளே உட்கார்ந்துடும்" என்பது ஒன்று. "பொண்ணு இருக்கா, போதும் நிறுத்து" என்பது இன்னொன்று. இரண்டுமே பயத்தைப் பற்றித்தான் பேசின. எதனால் மோதினாய் என்று மனைவியைத் தவிர யாரும் துருவவில்லை.

அதுதான் முதல் கேள்வி என்று இப்போது நினைக்கிறேன். நண்பன் ஒருவனுக்கு, என் விபத்துக்கு முந்தைய வருடம், பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. காரணம் பழைய பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். ட்ராக்கில் பிரேக் அந்தச் சூட்டைச் சுலபமாக எட்டும், ஆயில் கொதித்து ஆவியாகும், பெடலை மிதித்தால் ஆவிதான் அமுங்கும். அவன் செய்தது சரியான காரியம். ஆயிலை மாற்றினான், அடுத்த மாதமே திரும்பினான், இப்போது ஒவ்வொரு ட்ராக் டேக்கு முன்னாலும் மாற்றுகிறான். அவன் தொடர்வதில் எனக்குத் துளியும் ஆட்சேபம் இல்லை. அவன் கோளாறு ஒரு டப்பா ஆயிலில் தீர்ந்தது. என்னுடையதற்கு எந்தக் கடையில் என்ன வாங்குவது?

ஃபார்முலா ஒன் பந்தய வீரர் நிக்கி லவுடாவைப் பற்றி எனக்கு எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று கணக்கே இல்லை. 1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்கில் அவர் கார் தீப்பற்றி எரிந்தது. 42 நாள் கழித்து இத்தாலியின் மான்சாவில் ஓட்டி நான்காவதாக வந்தார். உண்மைதான், மலைப்புதான். ஆனால் அதே வருடக் கடைசிப் பந்தயத்தில், ஜப்பானின் ஃபூஜியில் கொட்டும் மழையில், இரண்டு சுற்றோடு தானாகவே காரை ஓரங்கட்டிய அதே லவுடாவை யாரும் அனுப்பவில்லை. அதனால் ஒரே ஒரு புள்ளியில் போட்டி வீரர் ஜேம்ஸ் ஹன்ட்டிடம் உலகப் பட்டத்தை இழந்தார். 1979-ல் கனடாவில் பயிற்சி ஓட்டத்தின் நடுவிலேயே "போதும்" என்று எழுந்து போனார். 1982-ல் திரும்பி வந்து 1984-ல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். இரண்டு முறை தானாக நிறுத்தத் தெரிந்த மனிதரை, நிறுத்தாதே என்பதற்கு உதாரணமாக அனுப்புகிறோம்.

எனக்கு உண்மையில் உதவியது பிரிட்டிஷ் பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸ். 1962 ஏப்ரலில் குட்வுட் ட்ராக்கில் மோதி ஒரு மாதம் கோமா, ஆறு மாதம் உடலின் ஒரு பக்கம் சரியாக வேலை செய்யவில்லை. அடுத்த வருடம் மே மாதம் அதே ட்ராக்கில் ஓட்டிப் பார்த்தார். நேரம் மோசமில்லை, ஆனால் முன்பு தானாக நடந்ததையெல்லாம் இப்போது யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. ஓய்வு என்று அறிவித்துவிட்டார். அவசரப்பட்டுவிட்டேன் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அவர் அளவுக்கு எனக்கு இழக்க ஒன்றுமில்லைதான், ஆனாலும் பாடம் பாடம்தானே. ஐந்து மாதம் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கார் பாகங்களை விற்கவும் இல்லை, புதிதாக எதுவும் வாங்கவும் இல்லை.

ஐந்தாம் மாதம், எனக்குக் கற்றுத்தந்த பயிற்சியாளரின் காரில், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். முதல் செஷனில் கையுறைக்குள் விரலெல்லாம் ஈரம். அந்த வளைவை மாட்டுவண்டி மாதிரி கடந்தேன். இரண்டாவது செஷனில் பரவாயில்லை. மூன்றாவதில் பயம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிரேக்கை விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது காரின் மூக்கு சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளே திரும்புமே, அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை வருடம் போனேன். அப்போது பின்னால் ஒரு கார் வந்தது.

பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. பின்கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். இறங்கிய பிறகு கேட்டார்: "வளைவுக்குள்ள எத்தனை தடவை கண்ணாடியைப் பார்த்தீங்க?"

"ஒரு தடவை, சார்."

"நாலு."

என் முடிவு அந்த நாலில்தான் இருக்கிறது. பயம் போகவில்லை என்று நான் நிறுத்தவில்லை. பயம் மூன்றே செஷனில் போய்விட்டது, பழைய புத்தி மட்டும் அப்படியே இருந்தது. பயம் இருந்திருந்தால்கூட அது என்னைக் கொஞ்சம் காவல் காத்திருக்கும். இனி அதுவும் இல்லாமல், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே 128-ல் வளைவுக்குள் போகிற ஆள் நான். இதில் என் உயிர் மட்டும் இருந்தால் ஒரு கணக்கு. சுழன்று நடுப்பாதையில் நின்றால், பின்னால் வந்த அந்தச் சிவப்புக் கார்க்காரருக்கும் வீடு வாசல் இருக்கிறது. ஜல்லியில் சிக்கிய காரை எடுக்க மார்ஷல்கள் ட்ராக் ஓரத்துக்கு இறங்கி வரவேண்டும்.

நிபந்தனை போட்டுக்கொண்டு தொடரலாமே என்றார்கள். காலை செஷன் மட்டும், கூட்டம் குறைந்த நாள் மட்டும், தொண்ணூறு சதவீதம் மட்டும். நானும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நிபந்தனைகளுக்கு ஒரு குணம் உண்டு, கரையும். ஃபார்முலா ஒன் வீரர் ரொமான் குரோஜான் 2020-ல் பஹ்ரைனில் எரிகிற காருக்குள் 28 நொடி இருந்துவிட்டு வெளியே வந்தவர். அடுத்த வருடம் அமெரிக்காவில் இண்டிகார் பந்தயத் தொடருக்குப் போனபோது, குழந்தைகளை நினைத்து ஓவல் (முட்டை வடிவ) ட்ராக்குகளில் ஓட்டுவதில்லை என்று வைத்திருந்தார். ஆகஸ்ட்டிலேயே ஒரு ஓவலில் ஓட்டினார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தொழில் அது, திறமை இருந்தது, நன்றாகவே ஓட்டினார். தொழில்காரருக்கே அப்படி என்றால், "தொண்ணூறு சதவீதம்தான்" என்று ஹெல்மெட் மாட்டுகிற நான் எத்தனை சுற்று தாங்குவேன்? எனக்குத் தெரிந்து ஒரு சுற்று. பின்னால் யாரும் வராவிட்டால் இரண்டு.

விடுவது எதிர்பார்த்ததைவிடச் சங்கடமாகத்தான் இருக்கிறது. யாரும் ஓட்டச் சொல்லவில்லை, நிறுத்தினால் யாரும் தேடப்போவதும் இல்லை, விழா எடுத்து வழியனுப்ப இது வேலையும் இல்லை. பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் குறையும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்கு இன்னும் கண் விழித்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். சிமுலேட்டர் வாங்கச் சொன்னவர்களுக்கு நன்றி, இப்போதைக்கு வேண்டாம். அதிலும் பின்கண்ணாடி இருக்கிறது.

போன வாரம் என்னுடைய ட்ராக் சக்கரங்கள் நான்கையும் வாங்க ஒரு பையன் வந்தான். இருபத்தி மூன்று, இருபத்தி நான்கு வயதிருக்கும். டயரின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தான், தயாரித்த வாரத்தைப் படித்தான், விவரமான பையன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கிக் கேட்டான்:

"அண்ணா, அன்னைக்கு ட்ராக்ல ஆயில் கிடந்துச்சாமே?"

"இல்ல தம்பி. கண்ணாடியைப் பார்த்தேன்."