டீசல் மாமா பேசுகிறேன்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். இனிப் போர்க்கப்பல் எல்லாம் பேட்டரியில்தான் ஓடும், எஞ்சின் ரூமுக்கே வேலை இல்லை என்று அக்கா மகன் ஒரு வீடியோ போட்டான். கப்பல் எஞ்சின் ரூமிலேயே வேலை பார்த்த நான், "சார்ஜ் எங்கேடா ஏத்துவாங்க?" என்று ஒரே வரி கேட்டேன். உடனே 'டீசல் மாமா' பட்டம். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

சரி, சிரியுங்கள். பதில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். பேட்டரி மின்சாரத்தை உண்டாக்காது, பிடித்துத்தான் வைக்கும். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் போட்டு ஏற்றினால்தான் குழாயில் வரும். நடுக்கடலில் அந்த மோட்டார் எது?

அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகை டெஸ்ட்ராயர் போர்க்கப்பலை ஓட்ட நான்கு கேஸ் டர்பைன் எஞ்சின்கள், மொத்தம் சுமார் 75 மெகாவாட். ஒரு கிலோ பேட்டரி தாராளமாகவே 150 வாட்-ஹவர் மின்சாரம் பிடிக்கும் என்று வைத்தாலும், முழு வேகத்தில் ஒரு நாள் ஓட 12,000 டன் பேட்டரி வேண்டும். கப்பலே பத்தாயிரம் டன்னுக்குள்தான். "நாள் முழுக்க யார் முழு வேகத்தில் போவார்கள்?" நியாயம். வேகத்தைப் பாதியாக்கினால் தேவை ஏறக்குறைய எட்டில் ஒன்றுதான். 1,500 டன். அதுவும் ஒரு நாளைக்கு. மறுநாள் சார்ஜ் எங்கே?

"ஜப்பான்காரன் 2020-லேயே ஓர்யூ நீர்மூழ்கியில் லித்தியம் பேட்டரி வைத்துவிட்டானே." வைத்தான். அருமையான கப்பல். அதிலும் டீசல் எஞ்சின் இருக்கிறது தம்பி. மேலே வந்து, காற்றுக்குழாயை நீட்டி, எஞ்சினை ஓட்டித்தான் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. நீருக்கடியில் பேட்டரியில் ஓடுவது முதல் உலகப் போர்க் காலத்துச் சங்கதி. பேட்டரியிலேயே ஓடும் நார்வேயின் ஆம்பியர் ஃபெர்ரியா? இருபது நிமிடப் பயணம், இரு கரையிலும் பிளக். சண்டைக்குப் போனவன் எதிரித் துறைமுகத்தில் பிளக் கேட்பானா?

பேட்டரி மேல் எனக்கு வெறுப்பா? அதன் அருமை தெரிந்தவன் நான். தேர்ட் இன்ஜினியராக இருந்தபோது வங்கக் கடலில் ஒரு ராத்திரி பிளாக்அவுட், கப்பல் முழுக்க மின்சாரம் போய்விட்டது. மெயின் எஞ்சின் நின்று கப்பல் உருள ஆரம்பித்தது. 45 விநாடிக்குள் எமர்ஜென்சி ஜெனரேட்டர் தானாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டார்ட்டர் பேட்டரி செத்துக் கிடந்தது. மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன். அடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம் என்றார்கள். இருட்டில் கையால் பம்ப் அடித்து ஹைட்ராலிக்கில் கிளப்பினோம். அன்று எங்களைக் காப்பாற்றியதும் டீசல்தான்.

2010-இல் விசாகப்பட்டினத்தில் நம் கடற்படையின் சிந்துரக்ஷக் நீர்மூழ்கியின் பேட்டரி அறையில், பேட்டரியிலிருந்து கசிந்த ஹைட்ரஜன் தீப்பிடித்து ஒரு மாலுமி இறந்தார். லித்தியத்தில் அந்தப் பிரச்சினை இல்லையாம். அது தீப்பிடித்தால் அணைப்பது எப்படி என்று கேட்டால் மறுபடி சிரிப்புப் பொம்மை வரும், விடுங்கள்.

எஞ்சின் ரூமுக்கு வேலை இல்லை என்றானே, அதுதான் உறுத்துகிறது. வருஷத்தில் ஒன்பது மாதம் அந்தப் புகையில் நின்ற காசில்தான் அவனுக்கு முதல் லேப்டாப் வந்தது. சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன்.

அக்கா, நான் குழுவை விட்டுப் போகவில்லை. மியூட்டில் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.