கூறு என்றுதான் எழுதுவேன்

போன வருடம் ஒரு பத்திரிகைக்குச் சிறுகதை அனுப்பினேன். காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து விற்கும் ஒரு பெண்ணின் கதை. என் அம்மாவின் கதைதான். ‘வட்டார வழக்கைக் குறைத்தால் போடலாம்’ என்று பதில் வந்தது. ஆசை யாரை விட்டது? மாற்றினேன். ‘கூறு’ வந்த இடத்திலெல்லாம் ‘குவியல்’ போட்டேன். கதையும் அச்சில் வந்தது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினாள்.

“குவியலா? அது குப்பைக்குச் சொல்றதாச்சே. மீனைக் கூறுதானே கட்டுவோம்?”

அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அம்மா கூறு கட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். ஈரச் சாக்கின் மேல் கானாங்கெளுத்தியைத் தலை ஒரே பக்கம் பார்க்க அடுக்குவாள். பெருசு ரெண்டு, நடுத்தரம் மூணு. ஒரு கூறு இன்னொன்றுக்கு இளைத்துப் போகக் கூடாது. வாங்க வந்தவர் கொஞ்சம் தயங்கினால், மேலே ஒரு பொடி மீனைப் போடுவாள். கூறு என்றால் பங்கு. சரிசமமாகப் பிரித்தது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைத்தான் எடுத்து வீசியிருக்கிறேன்.

கல்லூரியில் நெடுநல்வாடை பாடம். நக்கீரர் பாடியது, 188 அடி. வாடை என்றால் வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று என்று ஆசிரியர் விளக்கியபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஐப்பசி பிறந்ததும் என் நைனா வாசலில் நின்று, “இன்னாமே, வாடை எறங்கிடுச்சு” என்று அம்மாவிடம் சொல்வார். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு உரை தேவைப்பட்டதில்லை.

வடசென்னை என்றாலே கத்தி, ரத்தம் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். பட்டினத்தார் அடங்கிய இடம் என்று கும்பிடுவது திருவொற்றியூர் கடற்கரையைத்தான். ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் திருவொற்றியூருக்கு நடந்தே போய் வந்தவர். தமிழ் இங்கே நேற்று குடியேறியதில்லை. அப்புறம் ஏன் இங்கே பிறந்த நாமே, பேனாவை எடுத்ததும் வீட்டுச் சொல்லை ஒளித்து வைக்கிறோம்? எனக்கு வலிப்பது அதுதான்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வரத்து குறைவு, அம்மா மதியமெல்லாம் வீட்டில்தான். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையை வரி வரியாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். குவியல் போய், கூறு வந்துவிட்டது. நேற்று ‘மீன் வணிகம் செய்யும் பெண்’ என்று நான் படித்ததும், “யாரு அது?” என்றாள்.

“நீதாம்மா” என்றேன். அந்த வரியை அடித்துவிட்டு, மீன்காரம்மா என்று எழுதினேன்.