எந்த வெர்ஷன்ல ஓடிச்சு?

கலிபோர்னியாவின் பே ஏரியாவில் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் முதல் விசாரிப்பு, "உங்களுக்கு வந்துடுச்சா?" கிரீன் கார்டைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டெஸ்லா காரைத் தானாக ஓட்டவைக்கும் எஃப்எஸ்டி (ஃபுல் செல்ஃப் டிரைவிங்) மென்பொருளின் புது வெர்ஷனைத்தான். "என் டீம்ல ஒருத்தனுக்கு நேத்தே வந்துடுச்சுண்ணா, எனக்கு இன்னும் காட்டவே இல்ல" என்று ஒருவர் புலம்புவார். இன்னொருவர் போனை எடுத்து ஆப்பைத் திறந்து பார்ப்பார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் டென்ஷனே தோற்றுப்போகும்.

என்னிடம் அந்தக் கார் இல்லை. நண்பர்களின் காரில் போயிருக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது. கார் தானாக ஓடுவதில் எனக்குப் பயமோ வெறுப்போ கிடையாது. ஆனால் வங்கி மென்பொருளை வாடிக்கையாளருக்கு வெளியிடும் பிரிவில் பல வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில், இந்த அப்டேட்டுகள் அனுப்பப்படும் முறையோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

எங்கள் வேலையில் புது வெர்ஷனை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தள்ளுவதில்லை. முதலில் நூற்றில் ஒருவருக்குப் போகும். கோளாறு ஏறுகிறதா என்று காட்டும் கிராஃப்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிரச்சினை இல்லையென்றால் ஐந்து, இருபது என்று ஏற்றுவோம். கோளாறு தெரிந்தால் இழுத்துக்கொள்வோம். அந்த ஒருவரின் கணக்கில் இரண்டு முறை பணம் போயிருந்தால் திருப்பிப் போட்டு மன்னிப்பு மெயில் அனுப்பினால் தீர்ந்தது. டெஸ்லாவும் இப்படித்தான் படிப்படியாக அனுப்புகிறது, முறை ஒன்றுதான். வித்தியாசம், அந்தக் காருக்குப் பக்கத்தில் சைக்கிளில் போகிறவர். காரில் இருப்பவர் 'ஏற்கிறேன்' என்று தட்டியிருக்கிறார். சைக்கிள்காரர் எதையும் தட்டவில்லை. எந்த ஒரு சதவீதத்துக்குள் தான் மாட்டியிருக்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

2021 அக்டோபரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஃப்எஸ்டியின் பீட்டா, அதாவது சோதனை வெர்ஷன், அதற்கு ஒரு வருடம் முன்பு, 2020 அக்டோபரில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குக் கொடுக்கப்பட்டது. 2021இல் வட்டத்தைப் பெரிதாக்கினார்கள். 'சேஃப்டி ஸ்கோர்' என்று ஒன்றை வைத்து, நூற்றுக்கு நூறு வாங்கிய ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு 10.2 என்ற வெர்ஷன் போனது. (அந்த ஸ்கோரில் சடன் பிரேக் போட்டால் மார்க் குறையும். அதற்குப் பயந்து மஞ்சள் விளக்கில் நிற்காமல் போனதாக அப்போது பலர் சொன்னார்கள். மார்க் என்று ஒன்றை வைத்துவிட்டால் மனுஷன் மார்க்குக்குத்தான் படிப்பான்.)

அக்டோபர் 23, சனிக்கிழமை, 10.3 வெளியானது. ஞாயிறு காலை புகார்கள் வரத் தொடங்கின. எதிரே மோதப்போகிற எதுவும் இல்லாமலேயே மோதல் எச்சரிக்கை அலறுகிறது, சில கார்கள் தாமாகவே பிரேக் அடிக்கின்றன. காரணம் சுவாரசியமானது. காரின் கணினியில் இரண்டு சிப்கள். சென்ட்ரி போன்ற காவல் நிலையில் அரைத்தூக்கத்தில் இருக்கும் கார் விழித்தெழும்போது அந்த இரண்டுக்கும் இடையிலான பேச்சுவார்த்தை சில சமயம் அறுந்துபோனது. அதனால் கேமரா படத்தைப் பார்க்கும் நியூரல் நெட்வொர்க்குகள் (உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் மென்பொருள்) சீராக ஓடவில்லை. பக்கத்தில் போகிற கார்களின் வேகத்தை மைனஸில் கணக்குப் போட்டன, அதாவது நம்மை நோக்கி வருவதுபோல. பிரேக் விழாமல் என்ன செய்யும்?

சில மணி நேரத்தில் அதைப் பிடித்தார்கள். பாதிக்கப்பட்ட கார்களில் மோதல் எச்சரிக்கையையும் தானியங்கி பிரேக்கையும் தற்காலிகமாக அணைத்தார்கள், பழைய வெர்ஷனுக்குத் திருப்பினார்கள், 25ஆம் தேதியே திருத்திய வெர்ஷன் போகத் தொடங்கியது. மொத்தம் 11,704 கார்கள். யாருக்கும் அடிபட்டதாகத் தகவல் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன், வார இறுதியில் இவ்வளவு வேகமாக இதைச் சரிசெய்த குழுவுக்கு ஒரு சல்யூட். ஆனால் ஈலான் மஸ்க் அப்போது ட்விட்டரில் எழுதியதுதான் எனக்கு உறுத்தியது. பீட்டா என்றால் இது எதிர்பார்த்ததுதான், எல்லா வன்பொருளையும் எல்லாச் சூழலிலும் உள்ளுக்குள்ளேயே சோதிக்க முடியாது, அதனால்தான் பொது பீட்டா என்றார். முதல் பாதி உண்மை. எங்களாலும் முடியாது. ஆனால் அந்த 'பொது' என்பதில் சைக்கிள்காரரையும் அவரைக் கேட்காமலேயே சேர்த்துவிட்டார்.

இந்த விவரமெல்லாம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது? நிறுவனம் அரசிடம் தாக்கல் செய்த ரீகால் அறிக்கையிலிருந்து. ரீகால் என்றால், விற்ற கார்களில் பாதுகாப்புக் குறை இருக்கிறது என்று அறிவித்துச் சரிசெய்து தருவது. அதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 12ஆம் தேதி, அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ டெஸ்லாவுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டிகளின் விளக்கை இரவில் அடையாளம் காண வைக்கும் அப்டேட் ஒன்றை செப்டம்பரில் சத்தமில்லாமல் அனுப்பினீர்களே, பாதுகாப்புக் குறையைத் திருத்துவது என்றால் ரீகால் போட வேண்டாமா என்று கேட்டது. அடுத்து வந்த 10.3 கோளாறுக்கு ரீகால் போடப்பட்டது, நமக்கும் படிக்க ஒரு காகிதம் கிடைத்தது. ரீகால் என்றதும் "வெறும் சாஃப்ட்வேர் அப்டேட்தானே, ஏன் பூதாகரமாக்குகிறீர்கள்" என்று கோபப்படும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்வேன். என்ன உடைந்தது, எப்போது தெரிந்தது, என்ன செய்தார்கள் என்று வெளியாள் தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே ஜன்னல் அதுதான்.

10.3 தவறுதலாக வந்த கோளாறு. அதைவிட எனக்குக் கோபம் வரவழைத்தது, யோசித்துச் செய்த ஒன்று. நாலு பக்கமும் ஸ்டாப் சைன் உள்ள சந்திப்பில், வேறு வண்டியோ நடப்பவரோ கண்ணில் படவில்லையென்றால், கார் முழுதாக நிற்காமல் மணிக்கு 5.6 மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் வேகம் வரை உருண்டு கடந்துபோகலாம் என்று மென்பொருளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். இங்கே டிஎம்வி நடத்தும் லைசென்ஸ் தேர்வில் சக்கரம் முழுசாக நிற்காததால் ஃபெயிலான நம்மாட்களைக் கணக்கெடுத்தால் ஒரு தமிழ்ச் சங்கமே நடத்தலாம். கோடிங் எழுதியவருக்கும் சட்டம் தெரியும். மனிதர்கள் அப்படித்தானே ஓட்டுகிறார்கள், காரும் ஓட்டட்டுமே என்று யாரோ ஒரு கூட்டத்தில் முடிவெடுத்திருக்க வேண்டும். 2020 அக்டோபரில் வெளியான அந்த வசதி 2022 தொடக்கத்தில்தான் அரசு தலையிட்டு நீக்கப்பட்டது. 53,822 கார்கள். இடைப்பட்ட ஒரு வருடத்துக்கு மேல், சாலை விதியை எந்த அளவு மீறலாம் என்பது ஒரு நிறுவனத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் இருந்தது.

இனி ஓட்டுகிறவர் பக்கம். கார் சரியாக ஓட்டுகிறதா என்று கண்காணிப்பதுதான் இப்போது அவர் வேலை. அதை அவர் எப்படிச் செய்கிறார்? இது எங்கே சொதப்பும் என்று பழகிப் பழகித் தெரிந்துவைத்துக்கொண்டு. அந்த வளைவில் இழுக்கும், அந்தப் பாலத்தின் நிழலில் தயங்கும். 2018 மார்ச்சில் மவுன்டன் வியூவில் ஆட்டோபைலட்டில் (டெஸ்லாவின் ஓட்டுநர் உதவி வசதி) போய்க்கொண்டிருந்த டெஸ்லா மாடல் எக்ஸ் ஒன்று 101 நெடுஞ்சாலையின் தடுப்பில் மோதி ஆப்பிள் பொறியாளர் ஒருவர் இறந்தார். அதே இடத்தில் கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று அவர் வீட்டில் முன்பே சொல்லியிருந்தார். அவர் ஸ்டீயரிங்கைத் திருப்பி அதைச் சரிசெய்த தடயமும் காரின் பதிவுகளில் இருந்தது. கடைசி நாளில் கை ஸ்டீயரிங்கில் இல்லை, போனில் ஒரு கேம் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பலவீனம் எங்கே என்று தெரிந்தவரே ஒருநாள் அசந்துபோகிறார். அப்படியிருக்க, ராத்திரி வைஃபையில் இறங்கும் ஒரு அப்டேட் அந்த மனக்கணக்கையே மாற்றிப்போட்டால்?

மாற்றிப்போடத்தான் செய்கிறது. 12ஆம் வெர்ஷனில் நகரச் சாலைகளில் ஓட்டும் பகுதியை முழுக்க நியூரல் நெட்வொர்க்குக்கு மாற்றினார்கள். பத்து லட்சக்கணக்கான வீடியோ துண்டுகளில் பயிற்சி பெற்றது, சி++ என்ற கணினி மொழியில் எழுதிய 3 லட்சத்துக்கும் மேலான வரிகளுக்கு மாற்றாக வந்தது என்று அப்டேட் குறிப்பில் பெருமையாகப் போட்டிருந்தது. உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் ஓட்டுகிறவருக்கு அதனால் தெரிந்தது என்ன? பழைய முறையில் எந்த வரி மாறியது என்று ரிலீஸுக்கு முன் நாங்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம். மறுபயிற்சி கொடுத்த நெட்வொர்க்கில் அப்படி ஒப்பிட வரியே இல்லை. மொத்தத்தில் மேம்பட்டிருக்கும், ஏதோ ஒரு சந்திப்பில் மட்டும் மோசமாகியிருக்கும். எந்தச் சந்திப்பு என்று அனுப்பியவருக்கே முன்கூட்டித் தெரியாது. பழைய வெர்ஷனே போதும் என்று நினைக்கும் உரிமையாளர் தானாகத் திரும்பிப் போகவும் வழி இல்லை. எங்கள் வங்கி மென்பொருளிலும் பழையதற்குத் திரும்ப விடுவதில்லை, ஆனால் அது பாதுகாப்பு ஓட்டைக்குப் பயந்து. இங்கே என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

காற்றில் வரும் அப்டேட்டே வேண்டாம் என்று சொல்கிறேனா? அது முட்டாள்தனம். தகாட்டா என்ற நிறுவனத்தின் பழுதான ஏர்பேக் விவகாரத்தில் கோடிக்கணக்கான கார்களைப் பட்டறைக்கு வரவழைக்க வருடக்கணக்கில் மன்றாடினார்கள், பலர் வரவே இல்லை. 2023 டிசம்பரில் ஆட்டோபைலட்டுக்காக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்களை வீட்டு வாசலில் நின்றபடியே திருத்த முடிந்தது. ஆனால் அந்தத் திருத்தத்திலும் ஒரு கூத்து. நாலு மாதம் கழித்து என்எச்டிஎஸ்ஏ மறுபடி விசாரணை தொடங்கியது. திருத்தம் போட்ட பிறகும் 20 விபத்துகள். அதோடு, திருத்தத்தின் ஒரு பகுதியை உரிமையாளரே தேர்ந்தெடுத்தால்தான் வரும், வேண்டாமென்றால் ஓட்டுகிறவர் சுலபமாக அணைத்துவிடலாம் என்பதையும் அது சுட்டிக்காட்டியது. வேண்டாத அப்டேட்டிலிருந்து திரும்பிப்போக வழியில்லை, தேவையான திருத்தத்திலிருந்து மட்டும் உண்டு!

சீனா வேறு வழியில் போனது. 2025 மார்ச் 29 இரவு அன்ஹுய் மாகாணத்து அதிவேகச் சாலையில் சியோமி எஸ்யூ7 கார் மணிக்கு 116 கிலோமீட்டரில் ஓட்டுநர் உதவியில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் சாலைப் பணிக்காகத் தடம் மூடப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, ஓட்டியவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார், சில நொடிகளில் 97 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் தடுப்பில் மோதியது. மூன்று கல்லூரி மாணவிகள் இறந்தார்கள். அடுத்த மாதமே தொழில்துறை அமைச்சகம் கார் நிறுவனங்களைக் கூட்டி, வாடிக்கையாளரை வைத்துப் பொதுச் சோதனை கூடாது, அடிக்கடி அப்டேட் அனுப்பக் கூடாது, விளம்பரத்தில் தானியங்கி என்று அளக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. செப்டம்பரில் சியோமி 1,16,887 கார்களுக்குத் திருத்தம் அறிவித்தது, அதுவும் காற்று வழி அப்டேட்டாகத்தான். ஐரோப்பாவில் ஐநாவின் ஆர்156 விதிப்படி, வண்டிக்குக் கொடுத்த ஒப்புதலைப் பாதிக்கும் மென்பொருள் மாற்றம் என்றால் முதலில் அதிகாரியிடம் போக வேண்டும். அமெரிக்காவில் நிறுவனம் தனக்குத்தானே சான்று கொடுத்துக்கொள்ளும், அரசு பின்னால் வரும். சீன பாணிக் கெடுபிடி எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் அந்த முதல் கட்டளை சரி என்றே படுகிறது.

இந்தியாவில் டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தபோது எஃப்எஸ்டிக்கு 6 லட்சம் ரூபாய் என்று விலைப்பட்டியலில் போட்டார்கள், வசதி பின்னால் வருமாம். அதைப் பற்றி வேறொரு நாள் சிரிக்கலாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. 2021 ஜூனிலிருந்து, ஓட்டுநர் உதவி இயங்கும்போது நடக்கும் குறிப்பிட்ட வகை விபத்துகளை நிறுவனங்கள் என்எச்டிஎஸ்ஏவிடம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசம், எக்செல்லில் திறந்து பார்க்கலாம். மாதம், மாநிலம், சாலை வகை, வேகம் எல்லாம் இருக்கும். வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் ஓட்டுநர் உதவி மென்பொருளின் வெர்ஷன் என்று ஒரு நெடுவரிசை வரும். டெஸ்லாவின் வரிசைகளில் அந்தக் கட்டம் மறைக்கப்பட்டிருக்கும், வணிக ரகசியமாம். விபத்து எப்படி நடந்தது என்ற விவரிப்புக்கும் அதே கதி.

எங்கள் பிரிவில் யாராவது வெர்ஷன் எண் இல்லாமல் ஒரு புகாரை அனுப்பினால் அதைப் படிக்காமலேயே திருப்பி அனுப்புவோம். 12 மோசமா 13 மோசமா, புது வெர்ஷன் போன வாரத்தில் விபத்து ஏறியதா இறங்கியதா என்று அந்த எண் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது, ஆராய்ச்சியாளராலும், பத்திரிகையாளராலும், அடுத்த அப்டேட்டுக்காக ஆப்பைத் திறந்து திறந்து பார்க்கும் என் நண்பராலும். அவர் காரின் திரையில் வெர்ஷன் எண் பெரிதாக எழுதியிருக்கிறது. ஊரே அதைப் பேசுகிறது. விபத்து நடந்த பிறகு மட்டும் அது எப்படி ரகசியமாகிறது?