மிளகு வியாபாரிகளின் கடிதங்களும் நம் வரலாற்றுப் பாடமும்

இடைக்காலம் என்றாலே மதத்துக்காக மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலம் என்று எழுதுகிற பதிவுகள் சமீபமாக நிறையக் கண்ணில் படுகின்றன. சிலுவைப்போர், படையெடுப்பு, கொள்ளை எல்லாம் நடந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதே கடல்களில் வெவ்வேறு மதத்து வியாபாரிகளின் கொடுக்கல் வாங்கலும் நடந்துகொண்டிருந்தது. அதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எகிப்தில் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா என்றொரு யூத வழிபாட்டுக் கூடம் இருக்கிறது. கடவுளின் பெயர் எழுதிய தாளைக் கிழித்தெறியக் கூடாது என்பது யூதர்களின் வழக்கம். அதனால் வேண்டாத தாள்களை ஒரு தனி அறையில் போட்டு வைப்பார்கள். கெனிசா என்று அதற்குப் பெயர். அங்கே வேதப் பிரதிகளோடு கணக்குச் சீட்டு, கல்யாணப் பத்திரம், வியாபாரக் கடிதம் எல்லாம் சேர்ந்துகொண்டே வந்தன. 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அந்தக் குவியலிலிருந்து இந்திய வியாபாரம் பற்றிய கடிதங்களைப் பல்லாண்டு உழைத்துப் பிரித்தெடுத்தவர் கோய்ட்டைன் என்ற வரலாற்றாய்வாளர். அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற நம் ஊர் அரபுத்தமிழை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஆள் ஆபிரகாம் பென் யிஜூ. துனீசியாவின் மஹ்தியாவில் பிறந்த யூதர். 1130களில் மங்களூருக்கு வந்து, 1149 வரை பெரும்பாலும் இந்த மேற்குக் கரையிலேயே வாழ்ந்தார். பித்தளை, வெண்கலப் பாத்திரப் பட்டறை நடத்தினார். யேமன் நாட்டுத் துறைமுகமான ஏடனிலிருந்து நண்பர்கள் பழைய உடைந்த பாத்திரங்களைக் கப்பலில் அனுப்புவார்கள். இங்கே உருக்கிப் புதிதாகச் செய்து திருப்பி அனுப்புவார். இங்கிருந்து மிளகு, ஏலக்காய், பாக்கு, இரும்பு போகும். அங்கிருந்து சர்க்கரையும் உலர்திராட்சையும் வரும். எழுதுவதற்குக் காகிதம்கூட ஏடனிலிருந்துதான் வந்தது.

இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பென் யிஜூ அனுப்பிய இரும்பும் மிளகும் இருந்த பெரிய கப்பல் செங்கடலின் வாசலான பாப் எல் மண்டப் நீரிணை அருகே உடைந்துபோனது. ஏடன் வியாபாரி கலஃப் பின் இசாக் அவருக்கு விவரமாக எழுதுகிறார்: மிளகு முழுக்கப் போய்விட்டது, முத்துக்குளிப்பவர்போல மூழ்கத் தெரிந்த மாலுமிகளை அழைத்துவந்து இரும்பில் ஒரு பகுதியை மீட்டோம். அந்த இரும்பைத் தான் பார்க்கவே இல்லை என்று அவர் எழுதியிருந்தால் மங்களூரில் இருந்தவருக்கு என்ன தெரிந்திருக்கும்? இன்னொரு சமயம் ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிய உள்ளூர் தரகர் ஒருவர் சரக்கைத் தரவில்லை. படையா அனுப்ப முடியும்? சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவரைக் கண்டித்துப் பகிரங்கமாகக் கடிதம் போடுவோம் என்று ஏடன் வியாபாரிகள் எச்சரிக்கை விடுகிறார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது பென் யிஜூவுக்கு மத்மூன் பின் ஹசன் எழுதிய கடிதம். ஏடனில் வியாபாரிகளின் தலைவர், யூதர். மங்களூர் வட்டாரத்தில் இருந்த இந்து வணிகர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார், வரப்போகிற ஆண்டின் மிளகு விலையை அவர்களுக்குச் சொல்லச் சொல்கிறார், எல்லாரும் கூட்டாக ஒரு கப்பல் விடலாமா என்று கேட்கிறார்.

1135இல் பாரசீக வளைகுடாவில் உள்ள கிஷ் தீவின் ஆட்சியாளர் ஏடன் துறைமுகத்தைப் பிடிக்கக் கப்பல்படை அனுப்பினார். இரண்டு மாதம் முற்றுகை போலக் கிடந்தது. கடைசியில் பாரசீகத்தின் சிராஃப் நகரத்து முஸ்லிம் வணிகர் ராமிஷ்த்தின் இரண்டு கப்பல்கள் வந்து சேர, அவற்றில் வீரர்களை ஏற்றித்தான் எதிரியை விரட்டினார்கள். இதே ராமிஷ்த் மக்காவில் கஅபாவுக்குச் சீனத் துணியால் போர்வை செய்து போர்த்தியவர். சீனத்தில் நெய்த துணி, பாரசீக வணிகரின் கையால் அரபு மண்ணுக்குப் போகிறது!

சரி, இதைப் பொற்காலம் என்று கொண்டாடச் சொல்கிறேனா? இல்லை. இந்த வியாபாரத்தில் அடிமைகளும் இருந்தார்கள். பென் யிஜூ 1132 அக்டோபரில் ஆஷு என்ற துளுநாட்டு அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதினார்; அவரையே மணந்துகொண்டார் என்பதே ஆய்வாளர்கள் கருத்து. அந்தப் பெண் என்ன நினைத்தார் என்று ஒரு வரி கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஏடனுக்கும் மங்களூருக்கும் சரக்கோடு அலைந்த பென் யிஜூவின் ஆளும் அடிமைதான். ஏடன் நண்பர்கள் கடிதத்தில் அந்த ஆளுக்கும் வணக்கம் சொல்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் அதனால் அடிமைத்தனம் இனித்துவிடாது. வெளியாட்களை நம்பிய பென் யிஜூவைப் பணத்தில் ஏமாற்றியது அவருடைய சொந்தத் தம்பி. 1148இல் சிசிலியின் நார்மன் படை மஹ்தியாவைப் பிடித்தபோது அவருடைய குடும்பமே சிதறியது. பேரரசுகளின் சண்டை இந்த மனிதர்களின் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், பள்ளிப் பாடத்தில் போரின் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைக்கிற இடத்தில் பாதியையாவது இந்தக் கடிதங்களுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு மன்னர் எந்த ஊரை எரித்தார் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது. மொழியும் மதமும் வேறாக இருந்தவர்கள், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமலே எப்படிக் கடன் கொடுத்து வாங்கினார்கள் என்று தெரிவதில்லை. கெனிசா தாள்களின் படங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரே ஒரு கடிதத்தை வகுப்பில் காட்டி, அந்தக் கப்பல் உடைந்த கதையைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று இங்கே எழுதுங்கள்.