குலசைக் கடற்கரைக் குப்பை யாருடையது?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில், அதாவது நம்ம குலசையில், தசரா முடிந்த மறுநாள் கடற்கரைப் படங்களைப் போட்டு, "சனங்களுக்கு அறிவே இல்லை" என்று திட்டுவது வருஷா வருஷம் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பத்தாம் நாள் ராத்திரி சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். நேர்த்திக்கடனுக்குக் காளி வேடம் கட்டிய பக்தருக்குத் தலையில் கனத்த கிரீடம், முகமெல்லாம் சாயம், மணலில் கால் வைக்க இடமில்லை. அவர் கையில் ஒரு குட்டித் தண்ணீர் பாட்டிலைத் திணித்தால் குடித்துவிட்டு எங்கே போடுவார்? குப்பைத்தொட்டியைத் தேடிக்கொண்டா போவார்?

திணிப்பவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும். புண்ணியத்துக்குத்தான் கொடுக்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணீர் பாக்கெட்டும் அதில் உண்டு. பாட்டில் இல்லை. அதனால் பாக்கெட் இருந்த இடத்தில் பாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாக்கெட்டை விடத் தடித்த பிளாஸ்டிக், கூடவே ஒரு மூடி! சுக்குக் காப்பி ஊற்றித் தரும் பேப்பர் கப்பும் யோக்கியம் இல்லை. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள், உட்பக்கம் மெல்லிய ஜவ்வு மாதிரி உரிந்து வரும். பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப்பும் தடைப் பட்டியலில் இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை.

அண்டாவில் மோர், பக்கத்தில் நாலு எவர்சில்வர் டம்ளர் என்று நம்ம ஊர்ப் பந்தல்கள் ஓடியவைதானே? "எச்சில் டம்ளர், நோய் வரும்" என்பார்கள். சரி, அண்ணாந்து குடிக்க நமக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? அதுவும் வேண்டாமா, இருபது லிட்டர் கேனும் குழாயும் வையுங்கள், கொண்டுவந்த பாட்டிலில் பிடித்துக்கொள்ளட்டும்.

கடையில் விற்கும் பாட்டிலுக்கு வேறு வழி. நீலகிரியில் 2022ல் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடிமகன்களே திருப்பிக் கொடுக்கும்போது, விரதம் இருந்து மாலை போட்ட பக்தர் கொடுக்க மாட்டாரா? திருவிழாவுக்கு மட்டும், ஊர் எல்லைக்குள் மட்டும் முயன்று பார்க்கலாம்.

ஊர் ஊராகச் சேர்ந்து வேடம் கட்டி வரும் தசராக் குழுக்காரர்களுக்கு ஒன்று. மேளத்துக்கும் வேனுக்கும் அவ்வளவு செலவு செய்கிறீர்கள். வேனில் ஒரு தண்ணீர் டிரம்மும் ஆளுக்கொரு டம்ளரும் ஏற்றுங்கள் அண்ணாச்சி. தண்ணீர் பாட்டில் பெட்டிகளோடு யாராவது தானம் செய்ய வந்தால், "டிரம்மில் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிடலாம்.